ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் விசிலடிக்குது: உங்க ஆம்ப் அனுபவம் என்ன?

சேலம்_ஸ்டியரிங்

தொப்பூர் கணவாயில்தான் முதலில் காதில் விழுந்தது. கியரை இறக்கி மிதித்ததும் ட்வீட்டரில் ‘ஙொய்ய்’ என்று ஒரு விசில். என்ஜின் ஏற ஏற அதுவும் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. ஆம்ப் புதுசு வேறு. விற்றவர் ‘இது டிஜிட்டல் ஆம்ப் சார், டைனமோ சத்தமெல்லாம் பழைய செட்டோட போச்சு’ என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்.

திரும்பக் கொண்டுபோனால் ஃபில்டர் போடலாம், ஆம்பையே மாற்றலாம் என்று விலைப்பட்டியல் நீண்டது. கடைசியில் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். என்ஜினை ஓடவிட்டு, ஆம்பில் செருகியிருந்த, செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ பின்னைப் பிடுங்கினார். சத்தம் போச்சு. ‘ஆம்ப்ல ஒண்ணுமில்ல, கோளாறு முன்னாடி’ என்று சொல்லிவிட்டு, டாஷ்போர்டிலிருந்து செட்டை வெளியே இழுத்தார். ஒரு சாண் ஒயரில் ஒரு முனையை ஆர்சிஏ-யின் வெளி வளையத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் செட்டின் தகர உடம்பில் தொட்டார். விசில் கத்தரித்த மாதிரி நின்றது. எடுத்தார், வந்தது. தொட்டார், போனது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதையே திரும்பத் திரும்பச் செய்தார் மனுஷன்.

அந்த வெளி வளையம் செட்டுக்குள் எர்த்தோடு சேரும் இடத்தில் பொடி ஃபியூஸ் ஒன்று இருக்கிறதாம். பேட்டரியைக் கழற்றாமல் ஒயர் மாட்டினால் அது போய்விட வாய்ப்புண்டு. அது போய்விட்டால் சிக்னல் திரும்பிவர நேர்வழி கிடையாது. ஆம்பின் எர்த்தில் இறங்கி, கார் பாடியைச் சுற்றிக்கொண்டு வரும். டைனமோவின் ஏற்ற இறக்கமெல்லாம் அந்த வழியில் தொற்றிக்கொள்ளும்.

எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான். உள்ளே வரும் ஒயரும் அனலாக் (பாட்டு எண்ணாக மாறாமல், ஏறி இறங்கும் மின்னலையாகவே போவது), ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரும் அனலாக். அப்புறம் இதில் எது டிஜிட்டல்?

மத்தியஅலை

எதுவும் இல்லை. அவர்கள் டிஜிட்டல் என்று விற்பது கிளாஸ் டி என்கிற ஆம்ப் வகை. ஏ, பி, சி-க்கு அப்புறம் வந்ததால் அது டி, அவ்வளவுதான். உள்ளே வரும் சிக்னலை ஒரு முக்கோண அலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளியே உள்ள டிரான்சிஸ்டரை முழுக்கத் திற, முழுக்க மூடு என்று வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆட்டி வைக்கும். சிக்னல் உயர்ந்தால் திறந்திருக்கும் நேரம் கூடும், தாழ்ந்தால் குறையும். பார்வைக்கு ஒன்றும் பூஜ்யமும் மாதிரி இருந்தாலும், அந்தத் துடிப்பின் அகலம் எந்த அளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் எண்ணே கிடையாது. கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் துடிப்பை வடிகட்டி எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்பும்.

அப்பா காரில் ஏறினால் சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ் வைத்தாக வேண்டும். ஆம்ப் போட்ட மறுநாள் செய்தி வாசிப்பவர் குரலே இல்லை, வெறும் ‘ஸ்ஸ்ஸ்’. டிக்கியைத் திறந்து ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரைக் கழற்றினேன். முன்சீட்டிலிருந்து ‘வந்துடுச்சு, அப்படியே விடு’ என்று குரல். மாட்டினேன், செய்தி போனது. அந்த லட்சக்கணக்கான திற-மூடுதான் மத்திய அலைவரிசைக்குள் கசிகிறது. பவர் ஒயரை ஏரியல் கேபிள் பக்கமிருந்து ஒதுக்கி, மறுபக்க ஓரமாக இழுத்த பிறகு பாதி குறைந்தது. மீதிக்கு, செய்தி நேரத்தில் ஆம்ப் கிடையாது என்பது வீட்டில் ஒப்பந்தம்.

மதுரை_வூஃபர்

இதனால்தான் நான், இப்படித் திற-மூடு ஆட்டாத கிளாஸ் ஏபி-யைத் தவிர எதையும் தொடுவதில்லை. சத்தத்தில் உயிர் இருக்கும்.

மத்தியஅலை

உயிர் இருக்கும், சூடும் இருக்கும். பேட்டரியிலிருந்து இழுப்பதில் பாதிக்குக் கிட்ட வெப்பமாகப் போகும். கிளாஸ் டி-யில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். மே மாசம் மதுரையில் சீட்டுக்கு அடியில் ஏபி வைத்து ஓட்டியிருக்கிறீர்களா?

சிவப்புஒளி

நிஜமான டிஜிட்டல் வேண்டுமென்றால் என் கதையைக் கேளுங்கள். நண்பருடைய ஜெர்மன் கார். சவுண்ட் பத்தவில்லை என்று ஒரு கடையில் பின்பக்க பேனலைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டியதும் பாட்டு இல்லை, ரேடியோ இல்லை, போன் இணைப்பும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் அவுட்.

இந்த மாதிரிக் கார்களில் செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவே செம்பு ஒயர் போவதில்லை. மோஸ்ட் என்று ஒரு ஏற்பாடு. பிளாஸ்டிக் ஒளியிழை வளையமாகச் சுற்றி வரும். 2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. பாட்டு எண்ணாக, ஒளியாகப் போகும். ஆம்புக்குள் போன பிறகுதான் அது மின்னழுத்தமாக மாறும். வளையத்தில் ஒரு இடம் அறுந்தால் மொத்தமும் ஊமை.

பார்க்க வந்தவர் கேரேஜ் விளக்கை அணைக்கச் சொன்னார். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். இழையின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு. அடுத்ததிலும் சிவப்பு. ஆம்புக்குப் போகும் கனெக்டரைக் கழற்றினால் கும்மிருட்டு. பேனலுக்குப் பின்னால் இழையை எல் மாதிரி மடித்து டேப் சுற்றியிருந்தார்கள். 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே அதை வளைக்கக் கூடாது. வளைத்தால் ஒளி வெளியே சிந்திவிடும்.

அனலாக்காக இருந்திருந்தால் கரகரவென்றாவது ஏதோ கேட்டிருக்கும், தேடவும் ஒரு பிடி கிடைத்திருக்கும்.

டெசிபல்_தம்பி

அண்ணன் கல்யாண காரில் வூஃபர் கருகி, மணமேடை வரைக்கும் வாடை. அவ்வளவுதான் கதை. காரணம் கெயின் குமிழ். அதை வால்யூம் என்று நினைத்து எல்லாரும் முழுக்கத் திருப்பி விடுகிறார்கள். அது வால்யூம் இல்லை மக்களே. செட்டிலிருந்து வரும் சிக்னல் 2 வோல்ட்டா, 4 வோல்ட்டா என்று பார்த்து அதற்கு ஆம்பைப் பொருத்தும் குமிழ். மீறினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் தாங்காது.

எப்படி வைப்பது? ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் நேர்கோடு. போனில் பாடவிட்டால் போன் வால்யூம் முழுசாக இருக்கட்டும், செட் வால்யூம் முக்கால். 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் ஆம்பின் அவுட்புட்டில் வையுங்கள். எத்தனை வோல்ட் வர வேண்டும்? ஆம்பின் வாட்டையும் ஸ்பீக்கரின் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் 20 வோல்ட். அதே 100 வாட் 2 ஓமில் என்றால் 14.1 வோல்ட். அங்கே வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதோடு, பாட்டு ஃபைலே பதிவில் உச்சத்தைத் தாண்டி வெட்டுப்பட்டிருந்தால் எந்தக் குமிழும் காப்பாற்றாது. டிஜிட்டலில் உச்ச எண்ணுக்கு மேல் எண் கிடையாது.

சேலம் அண்ணா, நீங்கள் முதலிலேயே ஒரு நாய்ஸ் ஃபில்டர் வாங்கிப் போட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

சேலம்_ஸ்டியரிங்

தம்பி, நான் கெயினைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஃபில்டர் போட்டால் விசில் அடங்கியிருக்கும், அறுந்த எர்த் அறுந்தபடியேதான் கிடந்திருக்கும். பல மலிவு ஃபில்டர்களில் இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர், கூடவே கொஞ்சம் பேஸையும் தின்றுவிடும்.

யாழ்_வான்

எங்கட பக்கத்து கராஜ் ஒன்றில் பார்த்தது. பழைய வான் ஒன்றுக்குப் புது செட் பூட்டினார்கள். முந்திய ஒயரிங்கில் இருந்தபடியே இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் பாடியில் முறுக்கி விட்டார்கள். செட்டைப் போட்டதும் ‘டிக்’, பிறகு சத்தமே இல்லை. செட் பழுது, திருப்பிக் கொடுங்கோ என்று சாரதி அண்ணை நிற்கிறார்.

அங்கே வேலை பழகிற பெடியன் ஒருவன் மைனஸ் இரண்டையும் பிரித்துப்போட்டு மீற்றரை வைத்தான். பாட்டு ஓடவில்லை. பிளஸ் ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் ஆறு வோல்ட்டுக்குச் சற்றுக் கூட. மைனஸ் ஒயருக்கும் அதே ஆறு சொச்சம். இரண்டுக்கும் நடுவில் பூஜ்யம். அண்ணை மீற்றரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

இப்போதைய செட்டில் ஒரு ஸ்பீக்கரை இரண்டு ஆம்ப் எதிரெதிர்த் திசையில் தள்ளும். இரண்டும் பேட்டரியின் பாதி அழுத்தத்தில் நிற்கும், அதனால் மைனஸ் எர்த் இல்லை. அப்படித் தள்ளினாலும் 14.4 வோல்ட்டில், 4 ஓமில், வெட்டுப்படாமல் 25 வாட்டுக்கு மேல் வர வழியில்லை. பெட்டியில் 50 வாட் தர 4 என்று அச்சடித்திருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கோவை_புதுசு

ஆப்டிகல் அவுட் (பாட்டை ஒளியாக ஆம்புக்கு அனுப்பும் வழி) உள்ள செட் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கினால் டைனமோ சத்தம் அறவே வராதுதானே?

சிவப்புஒளி

செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் எர்த் சேராது, அதனால் அந்த வழியாக வராது. ஆனால் ஆம்புக்குள் எண் மின்னழுத்தமாக மாறிய பிறகு அதுவும் அனலாக்தான். ஆம்பின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டாமல் முடுக்கினால் அங்கே நுழைந்துவிடும். இன்னொன்று, பல செட்களில் ஆப்டிகல் வழியாகப் போகும் பாட்டு முழு அளவில்தான் போகும், செட்டின் வால்யூம் அதைத் தொடாது. ஆம்போடு தனி வால்யூம் குமிழ் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.