லைட் அடிச்சா புத்துநோய் தானா மின்னுமா? அது சாயம்யா!

கெடிலக்கரையான்:
நேத்து இங்க பாண்டிக்காரர் ஒருத்தர் எழுதியிருந்தார், ஆபரேஷன் நடக்கும்போது நீல லைட் அடிச்சா போதும் புத்துநோய் தானா செவப்பா மின்னும், ஒரு செல் விடாம வழிச்சு எடுத்துடலாம்னு. படிச்சதுல இருந்து எனக்கு வயிறு எரியுது. 27 வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல டெக்னீஷியனா நின்னவன் நான். தானா எதுவும் மின்னாது. உள்ள சாயம் போகுது, சாயம் மின்னுது. இதை இப்படியே விட்டா நாளைக்கு நோயாளி வீட்டுக்காரங்க டாக்டர் சட்டையைப் புடிப்பாங்க, லைட் அடிச்சும் ஏன் மிச்சம் வெச்சீங்கன்னு.

லாஸ்பேட்டை லேப்:
எழுதுனது நான்தான், நேராவே திட்டலாம். மூளைக்கட்டிக்கு குடுக்குற 5-ஏஎல்ஏங்கற மருந்து சாயமே இல்ல. கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்குல தண்ணில கரைச்சு, மயக்கம் குடுக்க ஒரு 3 மணி நேரம் முன்னாடி குடிக்க வைப்பாங்க. அந்த டம்ளர் மேல நீல லைட் அடிங்க, ஒண்ணும் மின்னாது. நல்ல செல் அதை ரத்தச் செவப்புல இருக்குற ஹீம்ங்கற பொருளா மாத்தி முடிச்சுடும், கட்டி செல்லுல பாதி வழில புரோட்டோபார்ஃபைரின்ங்கற பொருளா தேங்கி நிக்கும், அதுதான் செவப்பா தெரியுது. மின்னுற பொருளை செஞ்சதே கட்டிதான். அப்போ தானா மின்னுதுன்னு நான் சொன்னதுல என்ன தப்பு?

கெடிலக்கரையான்:
குடிக்க குடுத்தீங்களா இல்லையா? குடுத்தீங்க. அப்புறம் என்ன தானா? சாயம்தான் தம்பி. ஐசிஜி, அதாவது இண்டோசயனின் கிரீன்னு பச்சைப் பொடி, என் கையால கலக்கியிருக்கேன், 1959லயே அமெரிக்கால அனுமதி வாங்குன மருந்து. வெறுங்கண்ணுக்கு மின்னுறது தெரியாது, இன்ஃப்ராரெட் கேமரா வேணும். அதுக்கு கட்டி எது நல்லது எதுன்னு எல்லாம் தெரியாது, ரத்தம் ஓடுற பக்கம் ஓடும், நெறிகட்டிக்குப் போகும், ஈரல்ல தங்கும். அதைப் பாத்து புத்துநோய் மின்னுதுன்னு சொன்னா எப்படி?

லாஸ்பேட்டை லேப்:
ஐசிஜி சாயம்தான், யார் இல்லன்னா? நான் பேசுறது 5-ஏஎல்ஏ. அது சாயம் இல்ல.

முத்தியால்பேட்டையான்:
கெடிலம் ஐயாவுக்கு இதே வேலை. போன மழைக்கு டெங்கு வந்தப்ப பப்பாளி எலை சாறு பத்தி நாலு நாள் சண்டை போட்டாரு, கடைசில பதிலே சொல்லாம ஓடிட்டாரு.

கெடிலக்கரையான்:
ஓடல. பேத்தி காதுகுத்துக்கு நெல்லிக்குப்பம் போயிருந்தேன், அன்னைக்கே எழுதிட்டுத்தான் போனேன். சின்ன ஜுரம்னாலும் ஊர்ல பாதி பேர் கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரி வரிசைல நிக்கிறான், அங்க எங்க கடலூர்க்காரன் வந்தா மட்டும் பாண்டிக்காரங்க உங்களுக்கு ஏன் எரியுதுன்னு தெரியல.

முத்தியால்பேட்டையான்:
யாருக்கு எரியுது? விடியக்கால மொத பஸ்ல வந்து எங்களுக்கு முன்னாடி டோக்கன் எடுக்கறது நீங்கதான்.

சில்வர்பீச் செல்வி:
அண்ணே ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எங்க அம்மாவுக்கு மார்புல கட்டி எடுத்தாங்க, எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட்ல ஓரத்துல இன்னும் இருக்குன்னு வந்துது, திரும்ப கத்தி வெச்சாங்க. ரெண்டாவது தடவை உள்ள தள்ளிட்டுப் போறப்ப அம்மா என் கையை விடவே இல்ல. இந்த லைட் மார்புக்கட்டிக்கு உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

லாஸ்பேட்டை லேப்:
உண்டும்மா. பெகுலிசியானைன்னு ஒரு மருந்து, 2024 ஏப்ரல்ல அமெரிக்கால அனுமதி குடுத்தாங்க. ஆபரேஷனுக்கு சில மணி நேரம் முன்னாடி ஊசி போடுவாங்க, கட்டியை எடுத்த அப்புறம் அந்த குழிக்குள்ள லைட் விட்டு மிச்சம் இருக்கான்னு பாப்பாங்க. இதுவும் சும்மா மின்னாது, கட்டில இருக்குற என்சைம் வெட்டிவிட்டாதான் மின்னும். பெரியவரே, கவனிங்க, இங்கயும் கட்டிதான் வேலை செய்யுது.

கெடிலக்கரையான்:
ஊசில ஏறுதா? ஏறுது. சாயம். உடம்பே தூக்கிப் போடுற அலர்ஜி வரலாம்னு அந்த மருந்துக்கு கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்காங்களே, அதை ஏன் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல? செல்வி, உங்க அம்மாவுக்கு நடந்ததுதான் நான் சொல்றது. எந்த லைட் அடிச்சாலும் வெட்டின ஓரத்தை பெத்தாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்புல பாத்து சொல்றதுதான் முடிவு. நீல லைட்டுக்கு மேலாப்புல இருக்குறதுதான் தெரியும், ஒரு சொட்டு ரத்தம் மூடுனா அதுவும் தெரியாது. கண்ணாஸ்பத்திரில கைல ஏத்துவாங்களே அந்த மஞ்ச மருந்து ஃப்ளோரசின், அதை 1948லயே மூளைக்கட்டிக்கு போட்டுப் பாத்திருக்காங்க, அது வீங்கின எடத்துலயும் ஊறி மஞ்சளாகும். மின்னுறதெல்லாம் கட்டி இல்ல, மின்னாததெல்லாம் நல்ல சதையும் இல்ல.

லாஸ்பேட்டை லேப்:
2006ல லான்செட் ஆன்காலஜிங்கற மருத்துவ இதழ்ல வந்த ஜெர்மனி ஆய்வு தெரியுமா? ஸ்கேன்ல தெரிஞ்ச மூளைக்கட்டியை முழுசா எடுத்தது 5-ஏஎல்ஏ குடுத்தவங்கள்ல 65 சதவீதம், சாதா லைட்ல 36. ஆறு மாசம் கட்டி வளராம இருந்தது 5-ஏஎல்ஏல 41 சதவீதம், சாதா லைட்ல 21. இதுக்கு மேல என்ன வேணும்?

கெடிலக்கரையான்:
அதே ஆய்வுல மொத்தமா எத்தனை நாள் உயிரோட இருந்தாங்கங்கறதுல சொல்லிக்கிற வித்தியாசம் வரலையே, அந்த வரியை மட்டும் ஏன் முழுங்குறே? 65 சதவீதம்னா மிச்சம் 35 பேருக்கு உன் "ஒரு செல் விடாம" எங்க போச்சு? சாயத்தை சாயம்னு சொல்ல என்ன கூச்சம்?

முத்தியால்பேட்டையான்:
ஐயா டாக்டரா? இல்ல. அவ்ளோதான்.

கெடிலக்கரையான்:
டாக்டர் இல்ல. டாக்டருக்கு கத்தி எடுத்துக் குடுத்தவன். கட்டி எடுக்க எடுக்க பக்கத்துல நின்னு பாத்தவன். நீ எங்க நின்னே?

சில்வர்பீச் செல்வி:
அண்ணே அந்த ஊசி இங்க கிடைக்குமான்னு இன்னும் யாரும் சொல்லல.

லாஸ்பேட்டை லேப்:
பெரியவரே கடைசியா கேக்குறேன். டம்ளர்ல இருக்குற தண்ணி மேல லைட் அடிச்சா மின்னுமா மின்னாதா?

கெடிலக்கரையான்:
அந்தத் தண்ணியைக் குடிக்காம வெறும் வயித்தோட படுக்க வெச்சா கட்டி மின்னுமா மின்னாதா? நீ மொதல்ல அதுக்கு சொல்லு.