தடுப்புத் தகட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளி

(புனைபெயர்களில் மூவர் நடத்திய விவாதம்)

வளைவுப்பாதை:
மின்வாகனங்களின் எடை கூடிவிட்டது, அதனால் சாலையோர இரும்புத் தடுப்புகளுக்கான சோதனை விதிகளைத் திருத்த வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. திருத்தட்டும். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்த முறையும் கடைசி இடம்தான் கிடைக்கும் என்று அஞ்சுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஈரமான வளைவொன்றில் என் வண்டி சறுக்கியது. மல்லாந்தபடி வழுக்கிப் போய்த் தடுப்புத் தகட்டுக்கு அடியில் நுழைந்தேன். தோள் அந்தத் தகட்டைத் தாங்கும் கம்பத்தில் மோதியது. என் தலைக்கும் கம்பத்தின் விளிம்புக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. கார் முதலில் தொடுவது தகட்டை. தரையில் சறுக்கி வருபவர் முதலில் தொடுவது கம்பத்தை. தடுப்புகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 1317, காரையும் லாரியையும் மோதவிட்டுச் சோதிக்கிறது. சறுக்கி வரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கான 8ஆம் பகுதி 2012இல் வந்தபோது முழுத் தரநிலையாக வரவில்லை, வெறும் தொழில்நுட்ப விவரக்குறிப்பாகவே வந்தது. ஸ்பெயின் ஐரோப்பாவுக்காகக் காத்திராமல் தனக்கென ஒரு விதியை அதற்கு முன்பே வகுத்துக்கொண்டது.

தடுப்புப்பணி:
நீங்கள் பட்ட அடியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் எடைதான் இப்போது அவசரம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் 2023இல் மூன்று டன்னுக்கும் மேற்பட்ட ரிவியன் நிறுவனத்தின் மின்பிக்கப் வண்டி ஒன்றை மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் உலோகத் தடுப்பில் மோதவிட்டார்கள். வண்டி தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. வேகம்கூடப் பெரிதாகக் குறையவில்லை. அங்கே தடுப்புகளைச் சோதிக்கும் பிக்கப்பின் எடை 2270 கிலோ. ஐரோப்பாவில் சாதாரணத் தடுப்புக்கு 1500 கிலோ கார். தடுப்பை உடைத்து எதிர்த்திசைக்கு வரும் மூன்று டன் வண்டிக்கு முன்னால் உங்களைப் போன்ற ஓட்டுநர்களும்தான் வந்துகொண்டிருப்பார்கள்.

நாலாம்கியர்:
நீங்கள் இருவரும் கேட்கும் திருத்தங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். நல்ல ஹெல்மெட்டை இன்றைக்கே போடலாம். ஹெல்மெட்டுக்கான ஐநா ஒழுங்குவிதி 22இன் 06ஆம் திருத்தத் தொடரில் தலை சுழலும் அதிர்வையும் சோதிக்கிறார்கள். முதலில் அதை எல்லா நாடும் ஏற்கட்டும்.

வளைவுப்பாதை:
ஏற்கட்டும், நானும் அதைத்தான் அணிகிறேன். ஆனால் அந்த விதியில் அதிர்ச்சி தாங்கும் சோதனையின் மிக வேகமான மோதலே விநாடிக்கு 8.2 மீட்டர், மணிக்கு 30 கிலோமீட்டரைக்கூட எட்டாது. சறுக்கி வருபவருக்கான தடுப்புச் சோதனையில் மனித உருவப் பொம்மையைத் தலை முன்னே வரும்படி 60 அல்லது 70 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கவிடுகிறார்கள். இரும்புக் கம்பத்தின் வேலையையும் சேர்த்து ஹெல்மெட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

தடுப்புப்பணி:
அந்தப் பொம்மைச் சோதனையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பொம்மை தரையில் படுத்தபடிதான் வருகிறது. ஜெர்மனியின் வாகனச் சோதனை நிறுவனமான டெக்ரா ஆராய்ந்த மோட்டார் சைக்கிள் தடுப்பு மோதல்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மோதியிருக்கிறார்கள். அவர்கள் தகட்டின் மேல்விளிம்பில் விழுகிறார்கள், கம்பத்தின் உச்சியில் உடல் கிழிகிறது. சறுக்கி வருபவர் கம்பத்தில் மோதாமல் இருக்க, தகட்டுக்கு அடியில் பொருத்தும் கீழ்த்தகடு அவர்களுக்கு எதுவும் செய்யாது.

வளைவுப்பாதை:
ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் நிமிர்ந்து மோதுபவருக்கும் ஒரு சோதனை வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். அதே அமெரிக்கச் சோதனை வரிசையில் ஒரு டெஸ்லா கார் தகட்டைத் தூக்கிவிட்டு அடியில் நுழைந்து போனது. பேட்டரி தரையோடு இருப்பதால் வண்டியின் எடை கீழே கிடக்கிறது. நான் நுழைந்த அதே இடைவெளி அது. கீழ்த்தகடு இரண்டு பேரையும் தடுக்கலாமே?

தடுப்புப்பணி:
இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஓட்டுநருக்கான கீழ்த்தகடு மெல்லியது. மனித உடல் பட்டால் வளைந்துகொடுக்க வேண்டும் என்றே செய்தது. காரைத் தாங்கும் அளவுக்கு அதைக் கனமாக்கினால் உங்கள் தோளுக்கு அது இன்னொரு சுவர். ஒரே தகட்டிடம் இரண்டையும் கேட்க முடியாது.

வளைவுப்பாதை:
முடியாது என்பதைச் சோதனை சொல்லட்டும். மின்வாகனத்துக்காக வலுவாக்கும் எந்தத் தடுப்புக்கும், பொம்மை மோதலிலும் தேறாமல் சான்றிதழ் தரக் கூடாது. இந்த ஒரு வரி இப்போதே விதியில் ஏறாவிட்டால், கனமான கம்பங்கள் முதலில் ஊன்றப்பட்டுவிடும். ஊன்றியதை யார் பிடுங்குவார்கள்?

தடுப்புப்பணி:
வளைவுகளுக்கு மட்டும் என்றால் கையெழுத்திடுகிறேன். நேர்ச்சாலை முழுவதற்கும் என்றால் செலவைச் சொல்லியே கோப்பை மூடிவிடுவார்கள்.

வளைவுப்பாதை:
சரி, வளைவுகள். எத்தனை மீட்டர் ஆரத்துக்குக் கீழே என்று நீங்களே ஓர் எண்ணைச் சொல்லுங்கள். நான் விழுந்த வளைவு அதற்குள் வருகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வருகிறேன்.