கடலுக்குப் போகும் பெற்றோருக்கு வகுப்புச் செய்தியை எப்படிச் சேர்ப்பது?

ஆசிரியர்களுக்கு வணக்கம். பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். அப்பாக்கள் பலர் இரவில் கடலில் இருக்கிறார்கள். அம்மாக்கள் காலையிலேயே கடல்பாசி எடுக்கப் போய்விடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வருவது நான்கைந்து பேர்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ஒரு சிறுமி முதன்முறையாகத் தானே 'கடல்' என்று எழுதி, தாளை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அவள் அம்மா, பாசி எடுக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்று, "இதில் என்ன எழுதியிருக்கிறாள் டீச்சர்?" என்று கேட்டார். அன்றிலிருந்து, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் படித்ததை ஒரு நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆனால் பல வீடுகளில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அதற்குள் கோடை விடுமுறை வந்துவிடுகிறது.

மீன் ஏலம் நடக்கும் இடத்திலோ ரேஷன் கடையிலோ பிள்ளைகளின் படங்களோடு பலகை வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பாசி எடுக்கும் அம்மாக்களை எந்த நேரத்தில் சந்திக்கிறீர்கள்? தயவுசெய்து உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.