இலவச ஃபீட்களை ஃபயர்வாலில் ஏற்றிவிட்டால் போதுமா?

நெட்காவலன் (கேள்வி):
வணக்கம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நெட்வொர்க்கை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறோம். பாதுகாப்புக்கென்று தனிக் குழு கிடையாது. ‘த்ரெட் இன்டெலிஜென்ஸ் (தாக்குதல்களைப் பற்றிய முன்தகவல்) நம்மிடமும் இருக்க வேண்டும்’ என்று நிர்வாகம் சொன்னதால், மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) பற்றிய தகவல் தரும் அப்யூஸ்.சிஎச் போன்ற தளங்களில் கிடைக்கும் இலவசப் பட்டியல்களை (ஃபீட்) ஃபயர்வாலில் இணைத்து, அவற்றில் உள்ள ஐபி முகவரிகளும் டொமைன்களும் தானாகவே பிளாக் ஆகும்படி செய்திருக்கிறேன். மாத அறிக்கையில் காட்டுவதற்கு எண்ணிக்கை நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பாதுகாப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடுத்து என்ன செய்வது?

பாக்கெட்பித்தன்:
பட்டியலில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிளாக் செய்வதில் உள்ள ஆபத்துக்கு 2017 மே மாதத்து வான்னாக்ரை தாக்குதலே போதுமான சான்று. அந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர்) கோப்புகளைப் பூட்டுவதற்கு முன்னால் நீளமான, பொருளற்ற ஒரு டொமைனைத் தொடர்புகொள்ள முயலும். பதில் கிடைத்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். ஓர் ஆய்வாளர் அந்த டொமைனைப் பதிவு செய்ததும் பரவல் பெருமளவு தணிந்தது. இப்போது அதே டொமைன் ‘மால்வேர் தொடர்புடையது’ என்ற குறிப்போடு உங்கள் ஃபீடில் வந்து, ஃபயர்வால் அதைத் தடுத்திருந்தால், உங்கள் கையாலேயே அந்த நிறுத்தும் விசையைப் பிடுங்கிப் போட்டதாக ஆகியிருக்கும். அந்த மால்வேருக்கு ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) வழியாக வெளியே போகத் தெரியாது என்பதால், ப்ராக்ஸி வைத்திருந்தவர்கள் டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைத் தங்கள் சொந்த வெப் சர்வர் ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஒரு முகவரி எதற்காகப் பட்டியலில் இருக்கிறது என்ற விவரம் இல்லாத ஃபீடை நான் இன்டெலிஜென்ஸ் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிறிய பிழைகளும் உண்டு. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் முகவரிகள்கூடச் சில பட்டியல்களில் நுழைந்துவிடும். எம்ஐஎஸ்பி என்ற இலவச மென்பொருளில் இத்தகையவற்றைச் சுட்டிக்காட்டவே தனி எச்சரிக்கைப் பட்டியல்கள் இருக்கின்றன.

திருத்தணிகன்:
மேலே சொன்னது சரிதான். ஆனாலும் இணைத்த ஃபீடை எடுத்துவிட வேண்டாம், மலிவான மால்வேரை அது தடுக்கத்தான் செய்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் உங்கள் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது பேட்ச் வரிசைதான், அதாவது எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்பது. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து, உண்மையாகவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளை மட்டும் ஒரு பட்டியலாக வெளியிட்டு வருகிறது. ரான்சம்வேர் கும்பல்கள் அதைக் கையாண்டதாகத் தெரியுமா என்பதற்கும் அதில் ஒரு பத்தி உண்டு. அதை உங்களிடம் இருக்கும் கருவிகள், மென்பொருள்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, இணையத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் விபிஎன் கருவி, மெயில் சர்வர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கான பேட்சையும் மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சில், வெளியிட்டிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். (அப்படியொரு சொத்துப் பட்டியலே இல்லையென்றால் முதல் வேலை அதுதான், அது அலுப்பான வேலை, வேறு வழியில்லை.)

நெட்காவலன்:
நன்றி. சொத்துப் பட்டியல் அரைகுறையாக இருக்கிறது, அதை முடிக்கிறேன். ஒரு துணைக்கேள்வி: லாக்குகளை (கருவிகளின் செயல்பதிவுகளை) எவ்வளவு காலம் வைத்திருப்பது? இப்போது டிஎன்எஸ் லாக் எதையும் நாங்கள் சேமிப்பதில்லை.

பழையபதிவு:
உங்கள் முழுக் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. புதிதாக வரும் தகவலைக் கொண்டு நாளையதைத் தடுப்பதைப் போலவே, நேற்று நடந்ததைத் தேடவும் வேண்டும். சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில் நச்சு கலந்த அப்டேட்கள் 2020 மார்ச் முதல் வெளியே போயின. அது அம்பலமானது டிசம்பர் 13 அன்று. அன்றைக்கு, அந்த அப்டேட்கள் தொடர்புகொண்ட அவ்எஸ்விஎம்கிளவுட்.காம் என்ற டொமைனைப் பிளாக் செய்ததைவிட, கடந்த மாதங்களில் தன் கணினி ஏதாவது அதைக் கேட்டிருக்கிறதா என்று பார்க்க முடிந்தவருக்கே தன் நிலை தெரிந்தது. அதிலும் முன்னால் வரும் துணைப்பெயர் கணினிக்குக் கணினி மாறும் என்பதால் முதன்மை டொமைனை வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. சிநேம் வகைப் பதில் (வேறொரு டொமைன் பெயரைக் காட்டும் பதில்) வந்திருந்தால் தாக்கியவர்கள் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருக்கலாம் என்று பொருள். ஆகவே கேள்வியை மட்டுமன்றிப் பதிலையும் சேமியுங்கள்.

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் அந்த 180 நாளை வைத்துக்கொண்டு டிசம்பர் 13இலிருந்து பின்னோக்கிப் போனால் ஜூன் நடுவில் நின்றுவிடுவீர்கள், மார்ச்சுக்குப் போகவே முடியாது. டிஎன்எஸ் லாக்கைச் சுருக்கி வைத்தால் அதிகம் இடம் பிடிக்காது, ஓராண்டு வையுங்கள். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே என்டிபி (நேரம் ஒத்திசைக்கும்) சர்வரைப் பின்பற்றுகிறதா என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.