புதுப்பிப்பு: கிளிநொச்சி வீட்டுக்கு எந்த யன்னல்?

அலுமினியத்தில் இழுக்கும் யன்னலா, மரத்தில் இரட்டைக் கதவு யன்னலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. படுக்கையறைகளுக்கு மரம்தான்.

காற்றுத்தான் காரணம். இரண்டு கண்ணாடி உள்ள இழுக்கும் யன்னல் எப்போதும் பாதிதான் திறபடும். இரட்டைக் கதவு முழுதாகத் திறக்கும். வன்னியின் ஆவணி வெக்கையில் அந்த மிச்சப் பாதி எவ்வளவு பெரிய விஷயம்! சோளகம் என்ற தென்மேற்குக் காற்றோடு வரும் புழுதியும் இழுக்கும் யன்னலின் கீழ்ப் பள்ளத்தில் படிந்து இறுகிவிடும்.

நிலைக்கு முதிரை. விலை கூடத்தான், ஆனால் நல்ல வைரமான மரம். மாரி மழை வடகிழக்கிலிருந்து சரிந்தடிக்கும் என்பதால் அந்தப் பக்கத்து யன்னல்களுக்கு மேலே சீமெந்துத் தட்டை அதிகம் நீட்டச் சொல்லிவிட்டோம். நுளம்பு வலை உள்பக்கம், தனிச் சட்டத்தில்.

குசினிக்கு மட்டும் அலுமினியம். அங்கே மேடைக்கு மேலால் எட்டி வெளியே திறந்திருக்கும் யன்னல் கதவை இழுத்துச் சாத்த அம்மாவால் முடியாது.