பழைய கொரொல்லாவுக்குப் பட்டன் ஸ்டார்ட்: போடலாமா, விடலாமா?

கிளிநொச்சி110
வணக்கம் உறவுகளே. என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு ரொயோட்டா கொரொல்லா 110, மனுவல் கியர். மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு ஓடுகிற வண்டி. திறப்புப் போடுகிற இடம் தேய்ந்துவிட்டது. எவ்வளவு தேய்ந்தது என்றால், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பைக் கையோடு உருவி எடுக்கலாம். என் மகள் ஒருநாள் எடுத்து என் முகத்துக்கு முன்னால் ஆட்டியும் காட்டிவிட்டாள். காலையில் திருப்பினால் சில நாட்களில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். நாலைந்து தரம் ஆட்டித் திருப்பினால் ஸ்டார்ட்டர் பிடிக்கும்.

வவுனியாவில் ஒரு கடையில் பட்டன் ஸ்டார்ட் கிட் காட்டினார்கள். ஒரு பட்டன், ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு கட்டு வயர். அரை நாள் வேலையாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு வேறு கார் மாற்றும் ஆசை போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலையைக் கேட்டதும் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். ஆகவே இருக்கிற கிழத்தைக் கொஞ்சம் இளமையாக்கலாம் என்று யோசனை. போட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கைபிடி
தம்பி, உங்கள் காருக்கு இருக்கிற நோய் ஒன்று, நீங்கள் கேட்கிற மருந்து வேறொன்று. பரந்தனில் முப்பது வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன்.

திறப்புப் போடுகிற இடத்தில் இரண்டு சாமான் இருக்கிறது. முன்னால் இருப்பது பூட்டுக் குழல். அதுதான் தேய்ந்து திறப்பை விடுகிறது. அதற்குப் பின்னால் இரண்டு ஸ்குருவில் நிற்கிற சின்னப் பிளாஸ்டிக் சுவிச் ஒன்று உண்டு, கரண்ட் போவது அதற்குள்ளால்தான். ‘டிக்’ சத்தத்துக்கும் குழலுக்கும் சம்பந்தம் குறைவு. சுவிச்சின் உள்ளே செம்புத் தொடுகை கரிந்திருக்கும், அல்லது பற்றறி முனையில் உப்புப் பூத்திருக்கும், அல்லது எர்த் வயர் இளகியிருக்கும். முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள். பட்டனைப் பிறகு பேசலாம்.

வயர்க்காரன்
ஐயா சொல்வது பாதி சரி. மற்றப் பாதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பூட்டிக் கொடுக்கிறவன். இதுவரைக்கும் எத்தனை வண்டிக்குப் போட்டேன் என்று எண்ணவில்லை.

இக்னிஷன் சுவிச்சுக்கு வருவது அடிப்படையில் ஐந்து வயர். பற்றறியிலிருந்து எப்போதும் கரண்ட் இருக்கிற வயர் ஒன்று. ரேடியோவுக்கு ஒன்று, எஞ்சினுக்கும் மற்றதுகளுக்கும் இக்னிஷன் வயர் இரண்டு, ஸ்டார்ட்டருக்குப் போகிற வயர் ஒன்று. கிட் செய்வது திறப்பு செய்கிற அதே வேலையைத்தான், ஆனால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிச்) மூலம் செய்கிறது. தேய்ந்த சுவிச்சுக்குள்ளால் பெரிய கரண்ட் போகாது. அண்ணையின் ‘டிக்’ அதோடு நின்றுவிடும். இன்னொன்று, அவருடைய குழல் இருக்கிற நிலையில் எந்தத் தகரத்துண்டைப் போட்டாலும் திரும்பும். ரிமோட் பக்கத்தில் இல்லாவிட்டால் கிட் எழும்பாது. களவுக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: வயரின் நிறத்தைப் பார்த்து வெட்டுகிறவனிடம் காரைக் கொடுக்காதீர்கள். இருபத்தைந்து வருசம் தாண்டின காரில் எத்தனை கை பட்டிருக்கும். திறப்பை ஒவ்வொரு நிலையிலும் வைத்து மீற்றரால் பார்த்துத்தான் வயரைப் பிடிக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான்_மருதம்
கிளிநொச்சி அண்ணா, நான் வாங்கிய காரில் இந்தக் கிட் முன்பே பூட்டியிருந்தது. பழைய சொந்தக்காரர் போட்டது. முதல் ஆறு மாதம் எனக்கும் பெருமைதான், கைப்பையைத் திறக்காமலே ஸ்டார்ட் பண்ணலாம்.

ஒருநாள் வேலை முடிந்து மாங்குளத்திலிருந்து வருகிறேன், இரவு எட்டரை இருக்கும். ரோட்டின் குறுக்கே ஏதோ கறுப்பாக நின்றது. யானை என்று நினைத்து நிறுத்தி, எஞ்சினையும் லைட்டையும் அணைத்துவிட்டேன். மாடுதான். அது போன பிறகு பட்டனை அமத்தினால் ஒன்றுமில்லை, பட்டனைச் சுற்றி எரிகிற நீல வளையம்கூட எரியவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கிற காசு மாதிரிப் பற்றறி செத்துவிட்டது. திறப்பைப் போட்டுத் திருப்பலாம் என்றால் அவர் திறப்பு வயரையே வெட்டிவிட்டிருந்தார். பழைய சொந்தக்காரருக்கு அழைத்தேன். “டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் ஒரு சின்னச் சுவிச் இருக்கும், அதை ஏதோ கணக்கில் அமத்த வேண்டும்” என்றார். என்ன கணக்கென்று அவருக்கு நினைவில்லை! கைத்தொலைபேசி வெளிச்சத்தில், தலை பெடலுக்குக் கீழே, கால் வெளியே, சுற்றிவரக் காடு. நான் எப்படி இருந்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். முக்கால் மணித்தியாலம் போயிற்று.

கச்சான்கொட்டை
அந்த மாடு இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருக்கும் அக்கா.

வயர்க்காரன்
மருதம் அக்கா, அது கிட்டின் பிழை இல்லை, பூட்டினவரின் பிழை. நான் பழைய சுவிச்சை வெட்டுவதே இல்லை, கிட்டின் வயரை அதோடு சமாந்தரமாகத்தான் சேர்ப்பேன். கிட் செத்தாலும் திறப்பால் ஸ்டார்ட் ஆகும். அவசரச் சுவிச்சின் கணக்கையும் எழுதிக் கொடுப்பேன்.

பழைய_கைபிடி
சமாந்தரமாகச் சேர்த்தால் தகரத்துண்டும் வேலை செய்யுமே தம்பி? களவுக்குப் பாதுகாப்பு என்று மேலே சொன்னது எங்கே போயிற்று?

வயர்க்காரன்
ஐயா மடக்கிவிட்டார். ஒத்துக்கொள்கிறேன், இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். காட்டு ரோட்டில் ஓடுகிறவருக்குத் திறப்பும் இருப்பதுதான் நல்லது.

பழைய_கைபிடி
சரி, இப்போது பெரிய விசயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங் பூட்டு. திறப்பை வெளியே எடுத்தால் குழலுக்குள்ளிருந்து ஓர் இரும்புத் துண்டு ஸ்பிரிங்கில் பாய்ந்து ஸ்டியரிங் தண்டின் வெட்டுக்குள் விழும். அதை விடுவிப்பது திறப்பு மட்டும்தான், பட்டனுக்கு அந்த வேலை தெரியாது. கம்பனியில் பட்டனோடு வருகிற கார்களில் அதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கும். நம்முடைய பழைய காரில் என்ன செய்கிறார்கள்? ஒன்றில் திறப்பை நிரந்தரமாகக் குழலுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள், அல்லது அந்த இரும்புத் துண்டைக் கழற்றி எறிகிறார்கள். முதலாவதில் ரிமோட் எதற்கு? இரண்டாவதில் களவுக்கு இருந்த ஒரே இரும்புத் தடையும் போய்விட்டது. இதைவிட மோசமான மூன்றாவதும் உண்டு. அரைகுறையாகக் கழற்றி, துண்டு உள்ளேயே ஆடிக்கொண்டு கிடக்கும். ஏ9 ரோட்டில் எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது அது விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கிளிநொச்சி110
ஐயா, கடைக்காரர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “லொக்கை எடுத்துவிடுவோம், சிம்பிள்” என்று மட்டும் சொன்னார்.

டீசல்_டொல்பின்
இடையில் நானும் ஒரு சொல். என்னுடையது டொல்பின் ஹையேஸ் வான், டீசல். எனக்குப் பட்டன் போட்டவர் பெற்றோல் காருக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிட்டார். பிரேக்கை மிதித்துப் பட்டனை அமத்தினால் உடனே ஸ்டார்ட்டர் சுற்றும். டீசலுக்கு முதலில் குளோ பிளக் (எஞ்சினுக்குள்ளே சூடேற்றுகிற கம்பி) சூடாக வேண்டாமா? மார்கழிக் குளிரில் வெள்ளைப் புகை தள்ளி, ஊரே எழும்பிய பிறகுதான் எஞ்சின் எழும்பும். இப்போது பிரேக்கை மிதிக்காமல் ஒரு தரம் அமத்தி, குளோ லைட் அணையும்வரை காத்திருந்து, பிறகு மிதித்து அமத்துகிறேன். அதோடு சரியாகிவிட்டது.

ஆனால் மனுவல் கியர்க்காரர் கட்டாயம் கேட்க வேண்டியது இன்னொன்று. கிட்டோடு வருகிற ரிமோட்டில் தூரத்திலிருந்து ஸ்டார்ட் பண்ணுகிற பட்டனும் இருக்கும். எனக்கு ஹான்ட் பிரேக் இளகல் என்பதால் முதலாம் கியரில் விட்டு நிறுத்துகிற பழக்கம். ஒருநாள் மச்சான் வீட்டுத் திண்ணையிலிருந்து மகன் அதை அமத்திவிட்டான். வான் ஒரு துள்ளுத் துள்ளி, கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு வாழைக்குள் போய் நின்றது. ஆள் யாரும் நிற்கவில்லை, அது அம்மாளின் புண்ணியம். அன்றைக்கே அந்த வயரைக் கழற்றிவிட்டேன்.

வயர்க்காரன்
டொல்பின் அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மனுவலில் தூர ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம். கிட்டுக்குப் பிரேக் வயர் மட்டும் கொடுப்பதும் போதாது, பிரேக்கில் கால் இருந்தாலும் கியரில் நின்றால் துள்ளும். கிளச் பெடலுக்கு ஒரு சின்னச் சுவிச் பூட்டி, அதை முழுதாக மிதித்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகிற மாதிரிச் செய்ய வேண்டும். ஓட்டோ கியரில் இந்தக் கவலை இல்லை, கியர் P (பார்க்) அல்லது N (நியூற்றல்) நிலையில் இல்லாமல் ஸ்டார்ட்டர் சுற்றாதபடி கம்பனியே சுவிச் வைத்திருக்கிறது. பூட்டுகிறவர் அதைத் தாண்டி வயர் இழுக்காமல் இருந்தால் சரி.

ஒட்டுசுட்டான்_மருதம்
ஓடும்போது தவறுதலாகக் கை பட்டால்? என்னுடையதில் ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் பட்டன்.

வயர்க்காரன்
நல்ல கிட்டில் ஓடும்போது அணைக்க மூன்று விநாடிபோல அமத்திப் பிடிக்க வேண்டும். மலிவானதில் ஒரு தட்டு போதும். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

பழைய_கைபிடி
அமத்திப் பிடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2009 ஓகஸ்ற்றில் அமெரிக்காவில் சான் டியேகோவுக்குப் பக்கத்தில் ஒரு லெக்சஸ், மிதிவிரிப்பில் அக்சிலறேற்றர் சிக்கிப் பறந்துபோய் நாலு பேர் இறந்தார்கள். அந்தக் காரின் பட்டனையும் மூன்று விநாடி அமத்தினால்தான் எஞ்சின் நிற்கும், அது பிறகு பெரிய கேள்வியாக எழுந்தது. பதறுகிற மனிதன் தட்டுவான், தட்டிக்கொண்டே இருப்பான், பிடித்துக்கொண்டு எண்ணமாட்டான். திறப்பு என்றால் கை தானாக ஒரு பல் திருப்பும். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகும், அதையும் தெரிந்து வைத்திருங்கள். திறப்பை ஓடும்போது முழுதாக உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டு விழும். உங்கள் மகள் செய்தது அதைத்தான் தம்பி. அன்றைக்குக் குழல் பின்னால் திரும்பாமல் ‘ஒன்’ (ON) நிலையிலேயே நின்றதால் தப்பினீர்கள்.

கிளிநொச்சி110
இதை வாசித்ததும் வயிறு கலங்கிவிட்டது ஐயா.

கச்சான்கொட்டை
போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓட்டினோம், காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணினோம். பற்றறி இல்லாத காரை நாலு பேர் தள்ளினோம். இப்போது திறப்பைத் திருப்பப் பஞ்சி!

வயர்க்காரன்
அண்ணை, அப்போது வழியில்லாமல் தள்ளினோம். வழியிருக்கும்போதும் தள்ள வேண்டும் என்று சட்டமா? பட்டனும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய மொரிஸ் மைனரில் திறப்பு இக்னிஷனுக்கு மட்டும்தான், ஸ்டார்ட்டருக்குத் தனிக் குமிழ் ஒன்றை இழுக்க வேண்டும். ஐயாவின் பெயரில் இருக்கிற கைபிடியும் முன்னால் பம்பருக்குள்ளால் விட்டுச் சுற்றுகிற ஸ்டார்ட்டர்தானே?

பழைய_கைபிடி
அதுதான். சுற்றும்போது பெருவிரலை மடித்துப் பிடித்தவனுக்குக் கை முறியும், எஞ்சின் திருப்பி அடிக்கும். ஆனால் தம்பி, மொரிஸை நீங்களே இழுத்து வந்தபடியால் சொல்கிறேன், எனக்குப் பிடித்த வழி அதுதான். திறப்பு இருக்கட்டும். பூட்டையும் இக்னிஷனையும் அது பார்த்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் வயரை மட்டும் ரிலேக்குக் கொண்டுபோய், சாதாரண அமத்துப் பட்டன் ஒன்று போடுங்கள். ரிமோட் இல்லை, பெட்டி இல்லை, சாகிற பற்றறி இல்லை.

வயர்க்காரன்
அதற்குப் பெயர் பட்டன் ஸ்டார்ட் இல்லை ஐயா, கோலிங் பெல்.

கிளிநொச்சி110
ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றினேன். ஐயா சொன்ன பிளாஸ்டிக் சுவிச்சின் செருகி ஒரு பக்கம் உருகி, பால் ரொபி நிறத்துக்கு வந்திருந்தது. ஸ்டார்ட்டர் வயரின் முனை நீலம் பாய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்மண் தூசி ஒரு விரல் கனத்துக்கு. கழற்ற முதல் மீற்றரை வைத்துப் பார்த்தேன்: பற்றறியில் 12.5 வோல்ற். திறப்பைத் திருப்பிப் பிடித்தபடி ஸ்டார்ட்டருக்குப் போகிற சின்ன வயரில் வெறும் 7.8. நடுவில் அவ்வளவும் அந்தச் செருகியில்தான் எரிந்திருக்கிறது.

புதுச் சுவிச் ஒன்று வாங்கி, உருகின வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டினேன். ஸ்டார்ட்டருக்கு ரிலேயும் போட்டேன், அதன் முனைகளின் இலக்கப்படி: 85, 86இல் திறப்பு வயரும் எர்த்தும், 30க்குப் பற்றறி, 87இலிருந்து ஸ்டார்ட்டர். ஒரு கிழமையாக ஒரு ‘டிக்’கும் இல்லை. குழலை மாற்ற வவுனியாவில் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டனை இப்போதைக்கு விட்டுவிட்டேன். மகளுக்குத்தான் கோபம், அவள் நீல வளையம் எரிகிற படத்தைக் கூட்டாளிகளுக்கு முன்பே காட்டிவிட்டாளாம்.

வயர்க்காரன்
சந்தோசம் அண்ணை. ஆனால் குழல் வரும்வரை அந்தத் திறப்பை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மனம் மாறினால் வாருங்கள், கிளச் சுவிச்சோடு செய்து தருகிறேன்.

பழைய_கைபிடி
பற்றறியிலிருந்து 30க்கு இழுத்த வயருக்குப் பியூஸ் போட்டீர்களா?

கிளிநொச்சி110
இல்லை ஐயா.

பழைய_கைபிடி
பற்றறி முனையை இப்போதே கழற்றிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள். 30 அம்பியர் பியூஸ், பற்றறிக்குக் கிட்டவே.