குடும்பக் குழு: 6200 பெரிதா, 7200 பெரிதா?

நான்: எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பழைய மடிக்கணினி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒன்று போதும். பைத்தான் நிரல்மொழி படிக்க வேண்டும், பாட வீடியோக்கள் பார்க்க வேண்டும். எதை எடுத்துக்கொள்ளட்டும்?

சித்தப்பா: இதில் கேள்வி வேறா? அண்ணனுடையதில் இன்டெல் ஐ5-6200யூ பிராசஸர். என்னுடையதில் ஐ5-7200யூ. முழுதாக ஆயிரம் அதிகம்.

பெரியப்பா: தம்பி, என் கணினி பொத்தானை அழுத்தியதும் எழுந்துவிடும். உன்னுடையது எழுவதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடுவேன்.

அத்தை: அண்ணா, நீங்கள் குளிக்க ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு மோசமாக இருக்காது.

சித்தப்பா: [புகைப்படம்]
பார்த்துக்கொள்ளுங்கள். 2.50 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதி, பக்கத்தில் 2.71 என்றும் போட்டிருக்கிறது.

பெரியப்பா: [புகைப்படம்]
என்னுடையதில் 2.30, பக்கத்தில் 2.40. இதில் எதை நம்புவது?

நான்: அண்ணா, கொஞ்சம் வந்து சொல்லுங்கள்.

சித்தப்பா: அவன் தீர்ப்பு செல்லாது. தன் அப்பாவின் கணினிக்குத்தான் வக்காலத்து வாங்குவான்.

அண்ணன்: சித்தப்பா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராசஸரை மட்டும் எடுத்தால் உங்களுடையதுதான் மேல்.

பெரியப்பா: இதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தேனா?

சித்தப்பா: நியாயவான்! நான் எப்போதும் சொல்வேன், அவன் நம் குடும்பத்தின் பிள்ளை.

அண்ணன்: பொறுங்கள் சித்தப்பா. ஆயிரம் அதிகம் என்பதில் பொருள் இல்லை. முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கிறது. 6 என்றால் ஆறாம் தலைமுறை, ஸ்கைலேக் என்று பெயர், 2015. 7 என்றால் ஏழாம் தலைமுறை, கேபி லேக், 2016. கடைசியில் வரும் யூ, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மெல்லிய மடிக்கணினிகளுக்கானது என்பதற்கு. இரண்டுமே 15 வாட். இரண்டிலும் 2 கோர் (கணக்குப் போடும் மூளை), 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 3 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்). ஜாதகத்தை வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

நான்: அப்படியானால் புதிதாக என்னதான் செய்தார்கள்?

அண்ணன்: கோரின் வடிவமைப்பில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையைச் செப்பனிட்டார்கள். அதனால் அதே மின்சாரத்தில் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட முடிந்தது. 6200யூவின் உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், 7200யூவுக்கு 3.1. படத்தில் நீங்கள் பார்க்கும் 2.50தான் அடிப்படை வேகம். பக்கத்தில் இருக்கும் 2.71 உச்சமும் இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

அண்ணன்: 2.8க்கும் 3.1க்கும் இடையே சுமார் 11 விழுக்காடு. பிராசஸர் மட்டுமே உழைக்கிற ஒரு வேலை அப்பாவின் கணினியில் 10 விநாடி எடுத்தால், உங்களுடையதில் 9 விநாடி. அதுவும் இரண்டும் சூடாகாமல் உச்சத்திலேயே ஓடினால்.

பெரியப்பா: ஒரு விநாடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்!

சித்தப்பா: ஒரு விநாடியானாலும் வெற்றி வெற்றிதான்.

அத்தை: கிராபிக்ஸ் என்று ஒன்று உண்டே? என் மகன் எப்போதும் அதைப் பற்றித்தான் பேசுகிறான்.

அண்ணன்: விளையாட்டுக்கு என்றால் வித்தியாசம் தெரியாது அத்தை. ஹெச்டி 520, ஹெச்டி 620 என்று பெயர்தான் வேறு. இரண்டிலும் 24 செயல்பாட்டு அலகுகள். ஆனால் வீடியோ விஷயத்தில் சித்தப்பாவின் கணினி உண்மையாகவே ஒரு படி மேலே நிற்கிறது. வீடியோவைச் சுருக்கி அனுப்பும் வடிவங்களில் பத்து பிட் ஹெச்இவிசி, விபி9 இரண்டையும் பிரித்துக் காட்டத் தனிச் சுற்று 7200யூவில் இருக்கிறது. 6200யூ எட்டு பிட் ஹெச்இவிசியைச் சமாளித்துவிடும். விபி9க்கு அதன் உதவி ஓரளவுக்குத்தான், மிச்சத்தைக் கோர்களே செய்ய வேண்டும்.

நான்: அதனால் எனக்கு என்ன ஆகும்?

அண்ணன்: யூடியூப் பல வீடியோக்களை விபி9இல் அனுப்புகிறது. அப்பாவின் கணினியில் படம் ஓடும், நிற்காது. ஆனால் விசிறி கத்தும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். புதிதாக வந்த ஏவி1 வடிவத்துக்கு இரண்டிலுமே தனிச் சுற்று கிடையாது.

சித்தப்பா: பாட வீடியோ பார்க்கிற பிள்ளைக்கு விசிறி கத்தும் கணினியா? முடிந்தது வழக்கு.

பெரியப்பா: மகனே, என் கணினியில் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் இருப்பதைச் சொல்ல மாட்டாயா? ஞாபகம் இருக்கிறதா, நீதான் மாட்டிக் கொடுத்தாய்.

அண்ணன்: அதற்குத்தான் வருகிறேன். சித்தப்பா, உங்களுடையதில் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தானே? ராம், அதாவது வேலை நினைவகம், எவ்வளவு?

சித்தப்பா: 4 ஜிபி. எனக்கு இதுவரை போதுமானதாக இருந்தது.

அத்தை: தம்பி, நீ அதில் சீட்டாட்டம் மட்டும்தானே ஆடுகிறாய்.

பெரியப்பா: என்னுடையதில் 8 ஜிபி. இரண்டு துண்டுகள்.

அண்ணன்: இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. கணினி எழும் நேரம், உலாவி திறக்கும் நேரம், பத்துத் தாவல்களுக்கு இடையே தாவும் நேரம், இவற்றை ஹார்ட் டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது. அங்கே 11 விழுக்காடெல்லாம் கண்ணில் படவே படாது. 4 ஜிபியில் உலாவி, வீடியோ, பைத்தான் எடிட்டர் மூன்றையும் திறந்தால் ராம் நிரம்பி, வழிவதையெல்லாம் அந்த டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அப்புறம் மவுஸை நகர்த்தினாலே காத்திருக்க வேண்டும்.

நான்: பெரியப்பாவின் எஸ்எஸ்டியையும் ராமையும் கழற்றி, சித்தப்பாவின் கணினியில் போட்டால்?

அத்தை: புத்திசாலிப் பெண். இருவருமே பாதிப் பாதி கொடுத்ததாக இருக்கும்.

அண்ணன்: எஸ்எஸ்டி போகும், இரண்டிலும் ஒரே 2.5 அங்குல சாட்டா இணைப்புதான். ராமில்தான் சிக்கல். இந்த இரண்டு பிராசஸர்களும் டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற இரண்டு ராம் வகைகளையும் ஏற்பவை. எந்தச் சொருகியை வைப்பது என்பது கணினியின் மதர்போர்டுப் பலகையைச் செய்தவர்களின் விருப்பம். அப்பாவுடையதில் டிடிஆர்3எல் என்பது எனக்குத் தெரியும். சித்தப்பா, டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

சித்தப்பா: [புகைப்படம்]
டிடிஆர்4 என்றுதான் இருக்கிறது.

அண்ணன்: அப்படியானால் மாற்ற முடியாது. ராம் துண்டின் வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினால் உடையும். பிராசஸரைக் கழற்றி மாற்றலாமா என்று அடுத்து கேட்காதீர்கள், இரண்டுமே பலகையோடு பற்றவைக்கப்பட்டவை.

சித்தப்பா: நான் கேட்கவே இல்லையே.

அண்ணன்: தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள் சித்தப்பா, மேலே காட்டியது.

சித்தப்பா: சரி, ஒன்று சொல். என்னுடையதில் விண்டோஸ் 11 ஏறும்தானே? ஏழாம் தலைமுறையாயிற்றே.

அண்ணன்: அதிகாரப்பூர்வமாக ஏறாது. மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள், 7200யூ அதில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எதை எடுத்தாலும் நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தருகிறேன். பைத்தான் படிப்பவளுக்கு அதுவே நல்லது.

பெரியப்பா: அப்பாடா, இதிலாவது சமன்.

அத்தை: ஒரு சந்தேகம். என் கணினியில் ஐ5-8250யூ என்று இருக்கிறது. அது எப்படி?

அண்ணன்: அத்தை! இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை? 2017இல் வந்தது. அதே 15 வாட்டில் 4 கோர், 8 திரெட், 6 எம்பி கேஷ். அடிப்படை வேகம் 1.6தான், ஆனால் உச்சத்தில் 3.4 வரை போகும். விண்டோஸ் 11உம் ஏறும். ஆறுக்கும் ஏழுக்கும் இடையே தாண்டியது வாசற்படி, ஏழுக்கும் எட்டுக்கும் இடையே தாண்டியது ஒரு மாடி.

நான்: அத்தை...

அத்தை: அது கொடுப்பதற்கு இல்லை கண்ணே. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

பெரியப்பா: பார்த்தாயா தம்பி, நாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, உன் அக்கா சத்தமில்லாமல் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணன்: கடைசியாக இரண்டு சோதனை. பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளையை இருவருக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று வரும். அப்புறம் விசிறித் துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுத் திணறும் 7200யூ, சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு 6200யூவுக்கும் கீழே போய்விடும்.

பெரியப்பா: ஆரம்பத்தில் 48 வாட் மணி. இப்போது 37. துவாரம் சுத்தம்.

சித்தப்பா: 41இலிருந்து 19. துவாரத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

அண்ணன்: அப்படியானால் என் முடிவு இது. நல்ல பிராசஸர் சித்தப்பாவிடம், நல்ல கணினி அப்பாவிடம். சித்தப்பாவுடையதில் எஸ்எஸ்டி, ராம், பேட்டரி மூன்றும் மாற்றினால் அது முந்தும். ஒரு விநாடிக்கும் விபி9க்கும் அவ்வளவு செலவு வேண்டாம். நீ 6200யூவை எடுத்துக்கொள். யூடியூபிடம் ஹெச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் சிறு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்று உலாவியில் போட்டுவிடுகிறேன். அதைப் பிரித்துக் காட்டும் சுற்று இதிலும் முழுமையாக இருக்கிறது, விசிறி அடங்கும். 1080பிக்கு மேல் கிடைக்காது, இந்தத் திரைக்கு அது தேவையும் இல்லை.

பெரியப்பா: இதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தேன்.

சித்தப்பா: ஆக, பிராசஸரில் வென்றவன் நான் என்பது குழுவில் பதிவாகிவிட்டது. அது போதும்.

நான்: மிக்க நன்றி சித்தப்பா, நன்றி பெரியப்பா. அண்ணன் லினக்ஸ் போடும்போது எல்லாம் அழிந்துவிடும். உள்ளே உங்கள் படங்கள் ஏதாவது இருக்கின்றனவா?

பெரியப்பா: நிறைய இருக்கின்றன. நகல் எடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பெரியம்மா: நான் போன மாதமே எடுத்து வைத்துவிட்டேன். அழித்துக்கொள்ளட்டும்.